சுற்றுச்சூழல் அக்கறை பணக்கார நாடுகளின் சொத்தா?
கடலூர், சிதம்பரம் கரையிலிருந்து உலக ஆய்வுகளைப் பார்த்தால்

உலக விழுமிய ஆய்வு என்ற பெயரில் 1981 முதல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மக்கள் எதை முக்கியமாகக் கருதுகிறார்கள் என்று நாடு நாடாகச் சென்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். அதில் பல சுற்றுகளாக இடம்பெற்றுவரும் கேள்வி ஒன்று உண்டு. வளர்ச்சி குறைந்தாலும், சிலருக்கு வேலை போனாலும் சுற்றுச்சூழலைக் காப்பதற்கே முதலிடம் தர வேண்டுமா? அல்லது சுற்றுச்சூழல் ஓரளவு கெட்டாலும் வளர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் முதலிடம் தர வேண்டுமா? இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த பதில்களைக் கூட்டி, எந்த நாட்டாருக்கு அக்கறை அதிகம், எந்த நாட்டாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துகிறார்கள்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்று ஊர்கள் வரும். ஒரு பக்கம் சிப்காட் இரசாயனத் தொழிற்பேட்டை, மறுபக்கம் உப்பனாறு. 1980-களின் தொடக்கத்தில் பேட்டை உருவானதிலிருந்து இந்த ஊர்க்காரர்களுக்கு வேலையும் அங்கேதான், கண் எரிச்சலும் அங்கிருந்துதான். ஒப்பந்தத் தொழிலாளியாக கம்பெனிக்குள் போகிறவரின் வீட்டுக்கு, அந்தக் கம்பெனியின் புகை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆற்றில் வலை வீசிப் பிழைத்தவரின் மகன்தான் ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்கிறான். இவர்களிடம் ‘வேலையா, சுற்றுச்சூழலா’ என்று கேட்டால், எதைச் சொன்னாலும் பாதி உயிரை விட்டுக்கொடுத்த பதிலாகத்தான் இருக்கும். நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகளில் பல இந்தக் கேள்வியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அவை சொல்வதில் எதை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது என்று இந்த மாவட்டத்தை வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

வயிறு நிறைந்த பிறகுதான் மனிதன் மரத்தைப் பற்றிக் கவலைப்படுவான் என்ற எண்ணம் மேற்கில் நெடுநாள் கோலோச்சியது. அதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட். வறுமை நீங்கிப் பாதுகாப்பாக வளரும் தலைமுறை காசைவிடக் கருத்துரிமையையும் வாழ்க்கைத் தரத்தையும் பெரிதாக நினைக்கத் தொடங்கும், சுற்றுச்சூழல் அக்கறை அதன் ஒரு பகுதி என்று 1977-இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். இதை உலுக்கியது 1992-இல் ரியோ புவி மாநாட்டை ஒட்டி வெளிவந்த காலப் நிறுவனத்தின் ஆய்வு. ரைலி டன்லப் என்ற சமூகவியலாளர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் இந்தியா உட்பட 24 நாடுகள் இருந்தன. ஏழை நாட்டு மக்களின் கவலை பணக்கார நாட்டு மக்களின் கவலைக்கு எந்த வகையிலும் குறைந்ததாக இல்லை என்பது அதில் தெரியவந்தது. பல கேள்விகளில் அவர்களே முன்னால் நின்றார்கள்.

இங்கிள்ஹார்ட் சளைக்கவில்லை. 1995-இல் 43 சமூகங்களின் தரவுகளை வைத்து ஒரு விளக்கம் கொடுத்தார். பணக்கார நாட்டில் அக்கறை விழுமியத்திலிருந்து வருகிறது, ஏழை நாட்டில் கண்ணெதிரே இருக்கும் அழுக்கிலிருந்து வருகிறது என்றார். புத்திசாலித்தனமான சமாதானம்தான். ஆனால் அதில் ஒரு மேடு பள்ளம் ஒளிந்திருக்கிறது. ஸ்வீடன்காரருக்குக் கொள்கை இருக்கிறது, குடிகாட்டுக்காரருக்கு இருமல் மட்டும்தான் இருக்கிறது என்பது போன்ற பார்வை அது. இதற்கு நேரடிப் பதிலும் வந்தது. இராமச்சந்திர குஹாவும் யுவான் மார்ட்டினெஸ் அலியேரும் 1997-இல் எழுதிய நூலில் ‘ஏழைகளின் சுற்றுச்சூழலியம்’ என்பதை விரிவாக எடுத்துரைத்தார்கள். காடும் ஆறும் கடலும் ஏழைக்கு ஓய்வுநேர அழகு இல்லை, பிழைப்பு. அதைக் காக்க எழும் போராட்டம் தன்னைச் சுற்றுச்சூழல் இயக்கம் என்று அழைத்துக்கொள்ளாமலே போகலாம். அதனால்தான் கணக்கெடுப்புத் தாளில் அது விழுவதில்லை.

சிப்காட் ஊர்களின் கதை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. நாற்றம், தோல் அரிப்பு, மூச்சிரைப்பு, கெட்டுப்போன கிணற்று நீர் என்று இந்த மக்கள் மனு எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1998-இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி நயினார் சுந்தரம் ஈச்சங்காட்டு மக்களின் புகாரை விசாரித்தார். 2003-இல் முன்னாள் நீதிபதி ஜே. கனகராஜ் பொறுப்பேற்று நடத்திய இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் அறிக்கை வந்தது. அபாயகரக் கழிவுகள் குறித்த உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு 2004-இல் நேரில் வந்து பார்த்தது. இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் மக்களிடம் திருப்பிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ஆதாரம் எங்கே?

நாற்றத்துக்கு ஆதாரம் எப்படிக் காட்டுவது? மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி வந்து சேரும்போது காற்று திசை மாறியிருக்கும். இதே சிக்கல் கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கும் இருந்தது. 1990-களின் நடுவில் அவர்கள் கையில் ஒரு வழி கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் வேதிப்பொருளோடு வினைபுரியாத ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சிறு கருவி. நாற்றம் வரும் நிமிடத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். 2004-இல் அந்த வாளி கடலூருக்கு வந்தது. சிப்காட் பகுதி ஊர்க்காரர்களே சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தத் திசை, என்ன நாற்றம் என்று குறித்துவைத்தார்கள். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் ஒன்று, நகப்பூச்சு வாடை வேறொன்று. எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. மாதிரிகளில் 20-க்கும் மேற்பட்ட நச்சு இரசாயனங்கள் இருப்பதும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பதும் தெரியவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கே காற்றை ஆராய்ந்தது. இந்தப் பகுதியில் வாழ்பவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற இடங்களைவிட 2000 மடங்கு என்ற அதன் கணிப்பு நாளிதழ்களில் செய்தியானது. 2009-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் போட்ட தரவரிசையில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்று, நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளில் ஒன்றாக நின்றது. 70-ஐத் தாண்டினாலே அபாயப் பட்டியல்.

இந்த வரிசையை ஊன்றிப் பாருங்கள். வேளாண்மையும் மீன்பிடியும் கூலி வேலையும் செய்த மக்கள், அறிவியலைக் கையில் எடுத்து, அரசு அளக்காததை அளந்து காட்டியிருக்கிறார்கள். இதை இருமலின் எதிர்வினை என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியுமா? கடலூரும் கலிபோர்னியாவும் அக்கறையில் ஒன்றாகவே இருந்தன. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போபால் நச்சு வாயுவில் மக்கள் மடிந்தது 1984-இல். அந்தக் கொடுமையைப் பார்த்து அதிர்ந்த அமெரிக்கா, ஆலைப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தரும் சட்டத்தை 1986-இல் இயற்றியது. எந்த ஆலை எந்த நச்சுப்பொருளை எவ்வளவு வெளியேற்றுகிறது என்று அங்கே ஒரு பள்ளி மாணவர்கூடப் பொதுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். செத்தவர்கள் நம்மவர்கள், பதிவேடு அவர்களுக்கு. ஆலைவாரியாக அப்படியொரு பதிவேடு இந்தியாவில் இல்லை. 2006-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோ, அங்கீகாரம் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு கொடுத்தது. கருத்தையே கேட்காத இடத்தில் கருத்து இருக்கிறதா இல்லையா என்று ஆராய்வது எவ்வளவு விபரீதம்!

ஜப்பானையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மினமாட்டா ஊரில் பாதரச நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956-இல். ஆலையை நம்பியே வாழ்ந்த ஊர் அது. நோயுற்ற மீனவக் குடும்பங்களை ஊரே ஒதுக்கிவைத்தது, கம்பெனிக்கு எதிராகப் பேசுவது ஊருக்கே துரோகமாகப் பார்க்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தால், ஜப்பானியருக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். 1968-இல் அரசு ஆலைக்கழிவுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது. 1970-இல் ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பாக 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1973-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நீதிமன்றமும் சட்டமும் காது கொடுத்ததும் மக்கள் வாய் திறந்தார்கள், வாய் திறந்தவர்களைப் பார்த்து மற்றவர்களும் துணிந்தார்கள். நாட்டு மக்களின் மனப்பான்மை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில் பாதி, புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்ற அனுபவத்தின் படிவுதான்.

மனப்பான்மையை மதத்தோடு முடிச்சுப்போடுவதும் உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967-இல் எழுதிய கட்டுரை மேற்கத்தியக் கிறித்தவ மரபே இயற்கைச் சீரழிவின் வேர் என்றது. அதைப் படித்துவிட்டு, கீழை நாட்டார் மரத்தையே தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள், ஆகவே இயற்கையைக் காப்பவர்கள் என்று நம்மவர்களும் பெருமை பேசினார்கள். சிதம்பரம் இதற்கு நல்ல உரைகல். நடராசர் கோயிலின் தலமரம் தில்லை. தில்லைவனமாக இருந்தது என்று புராணம் போற்றும் ஊரில் இன்று அந்தக் காடு இல்லை. தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக்குப் போக வேண்டும். பக்தி மரத்தின் பெயரைக் காப்பாற்றியது, காட்டைக் காப்பாற்றவில்லை.

பிச்சாவரத்தின் வரலாறு அதைவிட முக்கியமான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1100 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் அலையாத்திக் காடு இது. சுரபுன்னை, கண்டல், தில்லை என்று மரங்கள். நெடுங்காலமாக இந்தக் காடு தேய்ந்துவந்தது. காரணம் கேட்டால், சுற்றுப்புற ஏழைகள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்றே பதில் வந்தது. மக்களுக்குப் பொறுப்பில்லை, மனப்பான்மை சரியில்லை என்பதுதான் அதன் சாரம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே ஆய்வு செய்தபோது வேறு உண்மை வெளிப்பட்டது. முன்பு வனத்துறை நிர்வாகமே காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறைவைத்து மொட்டையாக வெட்டிவந்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டு நிலம் உள்வாங்கித் தொட்டி போல் பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர்கள் ஊர் மக்கள், வெட்டியது அரசின் திட்டம்.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தார்கள். வனத்துறையும் ஊர்க் குழுக்களும் சேர்ந்து கன்று நட்டார்கள். அந்த வேலையில் இறங்கியவர்களில் கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். நகரின் இருளர்களும் உண்டு. கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்த அவர்கள், பழங்குடிச் சான்றிதழ்கூட இல்லாமல் நெடுங்காலம் இருந்தவர்கள். சான்றிதழும் மீன்பிடிக்க வழியும் குழுவில் இடமும் கிடைத்தபோது காட்டின் காவலாகவும் அவர்களே ஆனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அலையாத்திக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்பதைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு எழுதினார்கள். கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து அதையே சொன்ன இன்னொரு கட்டுரை 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமும்தான் முக்கியக் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அறிவியலில் அந்த விவாதம் நடக்கட்டும். 2022-இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காட்டைத் தன் உரிமையாகப் பார்க்கும் மக்கள் அதற்கு முன்பே அங்கே உருவாகிவிட்டார்கள்.

ஊர் முழுவதும் ஒரே குரல் என்று நான் சொல்ல வரவில்லை. கடலூர்க் கரையிலேயே சுருக்குமடி வலை மீனவர்களை இரண்டாகப் பிரித்துப்போட்டது. பெரும் முதல் போட்டவர் அந்த வலை வேண்டும் என்கிறார், சிறுவலைக்காரர் அது குஞ்சு மீனைக்கூட மிச்சம் வைக்காது என்கிறார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் என்று இடைக்கால அனுமதி வந்தது. ஒரே குப்பத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது ‘இந்தியரின் மனப்பான்மை’ என்று ஒற்றை எண்ணை எங்கே போய்த் தேடுவது?

நெய்வேலியில் சிக்கல் வேறு மாதிரி. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது நாட்டுக்கு வெளிச்சம் வருகிறது என்று நிலம் கொடுத்தவர்களின் வாரிசுகள்தான் இன்று மறியல் செய்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் நிறுவனத்தின் இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டினார்கள். பயிரை அழிப்பதைப் பார்த்துத் தமிழ்நாடே கொதித்தது. அந்தக் கோபத்தைச் சுற்றுச்சூழல் அக்கறை என்பதா, நிலவுரிமை என்பதா, சோற்றுக்குச் செய்யும் மரியாதை என்பதா? கணக்கெடுப்புத் தாளில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். வயல்வரப்பில் நின்றவருக்கு மூன்றும் ஒன்று. அதே ஆண்டு ஏப்ரலில் கட்சி வேறுபாடின்றி எழுந்த எதிர்ப்பால் கிழக்கு சேத்தியாத்தோப்பு நிலக்கரித் தொகுதியை மத்திய அரசு ஏலத்திலிருந்து விலக்கியது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் கையில் இருந்தது அந்த எதிர்ப்புக்குப் பலம்.

தமிழர் வாழும் மற்ற நாடுகளிலும், அவற்றைத் தாண்டியும் இதே இழை ஓடுகிறது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. போரில் எல்லாம் இழந்த மக்கள் தண்ணீருக்காகத் தெருவில் இறங்கினார்கள். 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் சுத்தத்தை அரசு மேலிருந்து கொண்டுவந்தது, மக்கள் கீழிருந்து பேசியது குறைவு என்பார்கள். ஆனால் 2001-இல் செக் ஜாவா ஈரநிலத்தைத் தூர்க்கும் திட்டத்தை அந்த அரசே பொதுமக்களின் கருத்தை மதித்து ஒத்திவைத்தது. சீனத்தின் ஷியாமென் நகரில் 2007-இல் நடுத்தர வர்க்கத்தினர் வீதியில் நடந்து ஓர் இரசாயன ஆலையைத் தடுத்தார்கள். ஆலை பக்கத்து மாவட்டத்துக்குப் போனது, 2015-இல் அங்கே வெடித்தது. வசதியுள்ளவரின் அக்கறை வசதியற்றவரின் முற்றத்தில் ஆலையைக் கொண்டுபோய் வைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பணக்கார நாட்டு அக்கறை நிலையானதும் இல்லை. அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1984 முதல் இதே ‘சூழலா, பொருளாதாரமா’ கேள்வியைக் கேட்டுவருகிறது. நிதி நெருக்கடி அடித்த 2009-இல் முதல் முறையாகப் பொருளாதாரம் முந்தியது. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. காலநிலையைக் காக்க வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். அரசு இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்றவர்கள் 89 சதவீதம். தனிநபர் வருமானம் அதிகமான நாடுகளில்தான் தரத் தயாரானவர்கள் குறைவு. அதே ஆய்வில், மற்றவர்களும் தன்னைப் போலத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பலரும் நம்பவில்லை. இருப்பதைவிட 26 சதவீதப் புள்ளி குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இந்தியாவில் யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டரும் நடத்தி 2022-இல் வெளிவந்த ஆய்வில், புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சமே தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். இரண்டு வரியில் விளக்கிவிட்டுக் கேட்டபோது, ஆமாம், நடக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். தானே புயல் 2011 டிசம்பரில் பண்ருட்டியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவருக்கும், 2015 வெள்ளத்தில் வீட்டை இழந்தவருக்கும் கலைச்சொல் தெரியாமல் இருக்கலாம், காலம் மாறிவிட்டது தெரியாமல் இருக்காது.

ஆகவே என் முடிவு இது. எந்த நாட்டு மக்களுக்கு அக்கறை அதிகம் என்ற போட்டியில் இனிமேல் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. அக்கறை எங்கும் இருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறுவது, அதைச் சொன்னவருக்குக் கிடைக்கும் பதில். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்றும் மறுநாளும், ஆலையை மூடச் சொல்லிப் போராடிய மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சிப்காட் பக்கத்து ஊரில் ஒருவர் கேள்வித்தாளில் ‘வேலைதான் முக்கியம்’ என்று குறித்தால், அது அவருடைய மனப்பான்மையா, பயமா என்று எந்தப் புள்ளிவிவர முறையாலும் பிரித்துக் காட்ட முடியாது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பிச்சாவரமும் சிப்காட்டும் நெய்வேலியும் அதன் மாணவர்கள் பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்துக்கொண்டு வராமல், இந்த ஊர்களில் வேறு கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக எப்போது நாற்றத்தைப் பற்றிப் புகார் செய்தீர்கள்? யாரிடம்? வந்து பார்த்தார்களா, எத்தனை மணி நேரம் கழித்து? அளந்த எண்ணை உங்களுக்குச் சொன்னார்களா? புகார் செய்ததால் வீட்டில் யாருக்காவது வேலை போனதா? குடிகாட்டிலும் சுன்னாகத்திலும் மினமாட்டாவிலும் கலிபோர்னியாவிலும் இதே கேள்விகளைக் கேட்டுப் பதில்களை அருகருகே வைத்தால், அதுதான் நாடுகளின் உண்மையான ஒப்பீடு. மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் தனக்கு வந்த புகார்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கட்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.